நெசவுக்கூடத்தின் வாசற்படி: மும்பை ஆலை நிலங்களில் யாருக்கு நிழல்?

மத்திய மும்பையின் லோயர் பரேல், லால்பாக், வர்லி பகுதிகளில் நடப்பவர்கள் கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு செங்கல் புகைபோக்கி நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். அதனடியில் பேரங்காடி இருக்கும், அல்லது அலுவலக வளாகம். புகைபோக்கியைச் சுற்றிப் புல்தரை, வரிசையாகப் பனைவகை மரங்கள், இரவில் கீழிருந்து மேல்நோக்கிப் பாய்ச்சப்படும் விளக்கொளி. பழைய தொழிற்கட்டடங்களைப் புதிய பயன்பாட்டுக்கு மாற்றுவோர் இதைப் பாரம்பரியப் பாதுகாப்பு என்கிறார்கள். கட்டடத்துக்கு வெளியே உள்ள மண், மரம், நீர், பாதை, மதில், இருக்கை ஆகிய அனைத்தையும் திட்டமிடும் துறைக்கு நிலத்தோற்ற வடிவமைப்பு என்று பெயர். 'லேண்ட்ஸ்கேப்' என்ற சொல்லே நம் மாணவர்களுக்குக் கூடுதலாகப் பழகியிருக்கும்.

இத்துறையைக் கட்டடம் முடிந்தபின் செடி நடும் வேலையாகவே பெரும்பாலோர் கருதுகின்றனர். தலித் அரசியல் பேசும் நாமும் அப்படிக் கருதி ஒதுங்கி நின்றிருக்கிறோம். சிலை எங்கே, எவ்வளவு உயரம், கல்வெட்டில் யார் பெயர் என்பவற்றுக்காகப் போராடிய அளவுக்கு, அந்த நிலத்தில் யார் நடக்கலாம், யார் உட்காரலாம், யாருக்கு நிழல் கிடைக்கும் என்ற கேள்விகளை எழுப்பியதில்லை. ஆலை நிலங்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்விகளே நம் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையவை. ஏனெனில் மும்பையின் பஞ்சாலையில் சாதி ஒரு நிலப்படமாகவே வரையப்பட்டிருந்தது.

மும்பையின் முதல் பஞ்சாலை 1854இல் நிறுவப்பட்டது. அடுத்த நூறாண்டுகளில் நகரின் நடுப்பகுதி முழுவதும் கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர், என்று அழைக்கப்படும் அளவுக்கு ஆலைகள் பெருகின. ஒவ்வோர் ஆலைக்கும் ஏறத்தாழ ஒரே அமைப்பு. உயர்ந்த மதில், தொழிலாளர் நுழைய ஒரு வாயில், வாயிலுக்கு அருகே வருகையைப் பதியும் அறை, கொதிகலனுக்கும் பிற தேவைகளுக்கும் நீர் தேக்கிய குளம், பருத்தி மூட்டைகள் அடுக்கும் கிடங்குகள், வடக்கு வெளிச்சம் சீராக உள்ளே விழும்படி ரம்பப் பற்களைப் போல் அமைந்த கூரையின் கீழ் நூற்பும் நெசவும். மதிலுக்கு வெளியே 'சால்' எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்பு வரிசைகள். அம்பேத்கர் தம் வாழ்வின் முக்கியமான ஆண்டுகளைக் கழித்தது பரேலில் இப்படிப்பட்டதொரு சாலில்தான். ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து நேரத்துக்கு அடங்கும் மக்களுக்கு நடுவே இருந்துகொண்டே அவர் மகாடுக்குச் சென்றார், வட்டமேசை மாநாடுகளுக்கும் சென்றார்.

அந்தக் கூரையின் கீழே ஒரு கோடு இருந்தது. நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லை. காரணம் தறியின் நாடாவில் இருந்தது. தார் தீர்ந்ததும் புதிய தாரை நாடாவில் பொருத்தி, நூல் முனையை வாய் வைத்து உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் ஒருவரின் வாய் பட்ட நாடாவைத் தாம் தொட முடியாது என்று மற்றச் சாதித் தொழிலாளர்கள் மறுத்தனர். இஸ்லாமியத் தொழிலாளர்களும் அம்மறுப்பில் சேர்ந்துகொண்டனர். ஆலை உரிமையாளர்களுக்கு இந்த ஏற்பாட்டில் இழப்பேதும் இல்லை. நெசவாளரின் கூலி உயர்ந்தது. தலித்துகள் தள்ளப்பட்ட ரிங் நூற்புப் பிரிவின் கூலி குறைந்தது. தூய்மை, தீட்டு என்று பேசப்பட்டது கடைசியில் கூலிச் சீட்டில் தொகையாக எழுதப்பட்டது.

1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தத் தடையைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முன் வைத்தார். எல்லாத் தொழிலாளரின் பெயராலும் போராடுவோர், தொழிலாளருக்குள்ளேயே மூடப்பட்ட வாசலைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவர் கேட்டது. தயக்கத்தோடு அது கோரிக்கைகளில் சேர்க்கப்பட்டது. அது அநீதியென்றாலும் அதற்கு ஆலை முதலாளிகள் பொறுப்பல்ல என்ற பதிலே வந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1938 பிப்ரவரியில் மன்மாட் நகரில் நடந்த ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இத்தொழிலாளரின் இரண்டு எதிரிகள் என்று அவர் அறிவித்தபோது, நெசவுப் பிரிவின் தடையைச் சான்றாக எடுத்துக்காட்டினார். அவ்வுரையின் அரசியலைப் பலரும் மேற்கோள் காட்டுகிறோம். அது ஒரு கட்டடத்தின் உள்ளமைப்பிலிருந்து, ஒரு கூடத்துக்கும் அடுத்த கூடத்துக்கும் இடையிலிருந்த வாசற்படியிலிருந்து பிறந்த உரை என்பதை மறந்துவிடுகிறோம்.

இது மும்பைக்கு மட்டும் உரிய கதை என்று தமிழ் வாசகர்கள் விலகிக்கொள்ள முடியாது. சென்னை பெரம்பூரின் பின்னி ஆலைகளான பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளை முன்னிட்டே 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதே ஆலைகளின் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் சாதிப் பிளவாக முறிந்து, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. எம்.சி. ராஜா ஒரு பக்கமும் திரு.வி.க. மறுபக்கமுமாக நின்ற அந்த நாட்களைப் பற்றி இன்றும் இரு வேறு வரலாறுகள் சொல்லப்படுகின்றன. ஆலை 1996இல் மூடப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் அதன் பாழடைந்த கூடங்களைத் தமிழகம் முழுவதும் பார்த்திருக்கிறது. திரைப்படச் சண்டைக் காட்சிகளில் கதாநாயகன் வில்லன்களை அடித்துத் தூக்கியெறிந்த இடம் அது. இன்று அங்கே அடுக்குமாடிகள் எழுகின்றன. சங்கம் பிறந்த மண்ணும் குடிசை எரிந்த மண்ணும் அருகருகே கிடக்கும் அவ்வட்டாரத்தில், இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பொதுவெளி உருவாகியிருக்க வேண்டும்.

மும்பைக்குத் திரும்புவோம். 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அது முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நகரின் இதயத்தில் ஏறத்தாழ 600 ஏக்கர் நிலமும் 58 ஆலைகளும் எஞ்சின. அவற்றுள் 25 தேசிய ஜவுளிக் கழகத்தின் வசமிருந்தவை. ஆலைக்குள் துணியை விட நிலத்துக்கு விலை கூடிவிட்டது.

1991இல் கொண்டுவரப்பட்ட வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58ஐ நாம் மும்பை ஆலைகளின் முதல் நிலத்தோற்ற வரைபடம் என்றே வாசிக்கலாம். ஆலை நிலத்தைப் பிற பயன்பாட்டுக்குத் திறப்பவர் மூன்றில் ஒரு பங்கை மாநகராட்சிக்குத் திறந்தவெளியாகவும், மூன்றில் ஒரு பங்கைப் பொது வீட்டுவசதிக்காகவும் தர வேண்டும். எஞ்சியதைத் தாம் வைத்துக்கொள்ளலாம். எந்தக் கட்டடக் கலைஞரும் கோடு போடுவதற்கு முன்னரே பூங்காவும் மைதானமும் எங்கெங்கோ வரப்போகின்றன என்று இந்த ஒரு விதி உறுதிசெய்தது. ஒரு ஆளுக்கு ஒரு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும் அளவுதான் திறந்தவெளி என்று சொல்லப்படும் நகரில் இது எளிய விஷயமல்ல.

விதிக்குள்ளேயே ஒரு சந்து இருந்தது. ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களை இடிக்காமல் வேறு தொழிலுக்கோ அலுவலகத்துக்கோ பயன்படுத்தினால் நிலத்தைப் பகிர வேண்டியதில்லை. பழைய கட்டடத்தைக் காப்பாற்றி மறுபயன்பாடு செய்வது நல்ல கொள்கை என்று கட்டடக்கலைக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. நாமும் அதை மறுக்கவில்லை. ஆனால் மும்பையில் மறுபயன்பாடு என்பதே மதிலைத் திறக்காமல் இருப்பதற்கான வழியாயிற்று. கூடம் நின்றது, கூரை நின்றது, புகைபோக்கி நின்றது. அவற்றோடு சேர்ந்து மதிலும் நின்றது. பழமை பேணப்பட்ட ஆலைகளிலிருந்து பொதுமக்களுக்கு ஒரு மரத்தடிகூடக் கிடைக்கவில்லை. பாரம்பரியப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்கும்போது நமக்கு வரும் சந்தேகத்துக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

2001இல் விதி திருத்தப்பட்டது. இனி ஆலையை இடித்துக் கட்டினாலும், இடிந்த கட்டடம் நின்ற நிலம் பகிர்வுக் கணக்கில் வராது. தொடக்கத்திலிருந்தே காலியாகக் கிடந்த நிலத்தில் மட்டும் பங்கு தந்தால் போதும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 ஏக்கர் ஆலை. அதில் 12 ஏக்கரைக் கட்டடங்கள் மூடியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முழு நிலத்திலும் மூன்றில் ஒரு பங்கு என்றால் 5 ஏக்கர் பூங்கா. காலி நிலத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு என்றால் 1 ஏக்கர். ஆலை என்றாலே கட்டடம் நெருங்கிய இடம் என்பதால் இந்தத் திருத்தம் பொதுப் பங்கைத் துண்டாக்கிவிட்டது. சுற்றுச்சூழல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் 2005இல் மும்பை உயர் நீதிமன்றம் பொதுநலத்தின் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் திருத்தப்பட்ட விதியையே நிலைநிறுத்தியது. வீடு கேட்டு விண்ணப்பித்த முன்னாள் ஆலைத் தொழிலாளரும் வாரிசுகளும் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் கணிசமானோர் இன்னும் குலுக்கல் சீட்டுக்காகக் காத்திருக்கின்றனர்.

வேறு வழி இல்லாமல் இது நடந்தது என்று சொல்ல முடியாது. 1996இல் மாநில அரசே கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. தனித்தனி ஆலையாகப் பார்க்காமல் நிலங்களை ஒன்றிணைத்து, பொதுவெளிகளையும் நடப்போருக்கான பாதைகளையும் வீடுகளையும் சேர்த்துத் திட்டமிடலாம் என்பது அக்குழுவின் அணுகுமுறை. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. ஆலை நிலங்களில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. அவற்றுக்கு வந்து போகும் லட்சக்கணக்கானோர் ஆலைக்காலத்து ரயில் நிலையங்களின் குறுகிய படிகளிலேயே ஏறி இறங்கினர். 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நெரிசலில் 23 பேர் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று கமலா ஆலை வளாகத்தின் கூரைமேல் விடுதியில் தீப்பற்றி 14 பேர் மாண்டனர். இரண்டுக்கும் உடனடிக் காரணங்கள் வேறு வேறு. ஆனால் மனிதர் நடக்கவும் ஒதுங்கவும் தப்பி ஓடவும் இடம் விடாத ஒரு நிலப்பரப்பில்தான் இரண்டும் நிகழ்ந்தன. நிலத்தோற்ற வடிவமைப்பு அழகு சார்ந்தது என்று இனியும் நம்புவோருக்கு இதைவிடக் கசப்பான மறுமொழி இல்லை.

புதிய வளாகங்களின் முற்றங்களைக் கவனியுங்கள். முற்றம் திறந்தே இருக்கும். வாயிலில் உலோகம் கண்டறியும் சட்டகமும் சீருடைக் காவலரும் இருப்பார்கள். தீண்டாமை எழுதி வைக்கப்படவில்லை. செருப்பும் சட்டையும் பையும் பார்க்கப்படுகின்றன. உட்காருமிடங்கள் உணவகங்களுக்கு உரியவை. இலவச இருக்கைகள் இருந்தால், படுக்க முடியாதபடி நடுவே கைப்பிடி வைத்து, நிழல் விழாத இடத்தில் போடப்பட்டிருக்கும். நடப்படும் மரங்களும் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. நிழல் பரப்பும் ஆலும் அரசும் வேம்பும் கூட்டத்தை வரவழைக்கும். பனைவகை அலங்கார மரங்கள் நிழலும் தராது, கூட்டமும் சேர்க்காது. கிரண்காவின் அரசியல் வாயிற்கூட்டங்களில் வளர்ந்தது. ஷிப்டு மாறும் நேரத்தில் வாயிலுக்கு வெளியே கூடி நின்றவர்களிடம்தான் சங்கத்தவரும் பாடகர்களும் பேசினார்கள், பாடினார்கள். மாங் சாதியில் பிறந்து, ஆலைத் தொழிலாளியாகவும் இருந்து, மராத்தியின் பெரும் எழுத்தாளராக உயர்ந்த அண்ணாபாவு சாத்தேயின் மேடை இத்தகைய தெருமுனைகளே. ஆலையின் எல்லாப் பகுதிகளுக்கும் மறுபயன்பாடு கிடைத்திருக்கிறது. கூட்டம் கூடும் இடமாக இருந்த வாயிலுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் புல்தரையை விடிகாலையில் கூட்டுவோர், நீரூற்றின் அடியில் படிந்த பாசியைச் சுரண்டுவோர், கழிவறை கழுவுவோர் எல்லாரும் ஒப்பந்தத் தொழிலாளர். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதியினர் என்று நம் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. நெசவுப் பிரிவில் நுழைய முடியாத தாத்தாவின் பேரன், அதே வளாகத்தில் துடைப்பத்தோடு மட்டும் நுழைகிறான்.

ஆலைகளைப் பூங்காவாக்குவதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுவது ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரம். ரூர் தொழிற்பகுதியில் 1901இல் தொடங்கி 1985இல் மூடப்பட்ட ஓர் இரும்பு ஆலையை, 1991இல் நடந்த போட்டியில் வென்ற பீட்டர் லாட்ஸ் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ஏறத்தாழ 180 ஹெக்டேர் பூங்காவாக மாற்றினார். உலைகளை இடிக்கவில்லை; துருவை மறைக்கவில்லை. தாது கொட்டிய தொட்டிகளுக்குள் தோட்டங்கள் முளைத்தன. தொட்டிச் சுவர்களில் மலையேறப் பழகுகிறார்கள். எரிவாயுக் கலனில் நீர் நிரப்பி மூழ்கிப் பழகுகிறார்கள். சாக்கடையாக ஓடிய கால்வாயின் இடத்தில் மழைநீரைச் சேர்த்து விடும் தெளிந்த வாய்க்கால் வந்தது. கனமாக நஞ்சேறிய மண்ணை அள்ளி ஊருக்கு வெளியே கொட்டாமல் அங்கேயே அடைத்து மூடினார்கள். இந்தக் கடைசி அம்சத்தை நாம் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் 'ஊருக்கு வெளியே' என்றால் அது யாருடைய குடியிருப்பின் பக்கம் என்பது எல்லாருக்கும் தெரியும். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை.

அங்கே உழைத்த ஒரு தாத்தா, தன் பேரக்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து, தான் என்ன வேலை செய்தேன், இந்த இயந்திரம் எதற்கு என்று விளக்குவதை லாட்ஸ் கற்பனை செய்தாராம். பூங்காவே தாத்தாவின் வாயிலிருந்து வரும் கதைக்கான ஏற்பாடு. நல்ல கற்பனைதான். அதை மும்பைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பேரக்குழந்தையோடு வரும் தலித் தாத்தா ரிங் நூற்புக் கூடத்தில் நின்று, இங்கே நான் வேலை செய்தேன் என்பார். அடுத்த வாசலைக் காட்டி, அங்கே எனக்குப் போக அனுமதியில்லை என்பார். குழந்தை ஏன் என்று கேட்கும். பழைய இயந்திரங்களுக்கு வர்ணம் பூசி, பக்கத்தில் உற்பத்தி அளவை எழுதிவைக்கும் பூங்காவில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. டூயிஸ்பர்க்கின் பாணியை மட்டும் இறக்குமதி செய்து, துருப்பிடித்த இரும்புத் தகட்டையும் காட்டுப்புல்லையும் நட்டுவைத்தால், தொழிலாளர் எல்லாரும் ஒரே மாதிரி வியர்த்தார்கள் என்ற பொய்யைத்தான் நாம் பார்வைக்கு வைக்கிறோம்.

இந்தப் பின்னணியில் இரண்டு ஆலை நிலங்கள் முக்கியமானவை. இரண்டும் பொதுவுடைமையில் வந்தவை என்பதால் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. ஒன்று, காளாச்சௌகியில் உள்ள இந்தியா யுனைடெட் ஆலைகள் 2, 3. அங்கே மாநகராட்சி ஜவுளி அருங்காட்சியகம் அமைக்கத் திட்டமிட்டது; வளாகத்தில் பழைய குளம் இருக்கிறது; முதல் கட்ட வேலையும் குளத்தைச் சுற்றியே, வண்ண நீரூற்று முதலானவற்றோடு திட்டமிடப்பட்டது. குளம் காப்பாற்றப்படுவது நல்லதே. ஆனால் தண்ணீர் நமக்கு நடுநிலையான அலங்காரப் பொருளல்ல. 1927 மார்ச் 20 அன்று மகாடின் சவுதார் குளத்தில் இறங்கிக் கையால் அள்ளிக் குடித்ததுதான் இந்த மாநிலத்தில் நம் மக்களின் அரசியல் பிறப்பு. அந்த மாநிலத்தின் ஓர் ஆலைக்குளத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, தூர நின்று இசை நீரூற்றைப் பாருங்கள் என்று சொல்வதற்கு வடிவமைப்பாளர் வெட்கப்பட வேண்டும். பாதுகாப்பு என்ற காரணம் சொல்லப்படும். படித்துறையும் ஆழம் குறைந்த ஓரமும் அமைத்துத் தண்ணீரைத் தொட வழிசெய்வது இந்தியாவின் கோயில் குளங்களைக் கட்டியவர்களுக்கே தெரிந்த நுட்பம். அந்தக் குளங்களில் நம்மை இறங்கவிடாதது வேறு விஷயம்.

அருங்காட்சியகத்துக்குள் என்ன வைப்பது என்பதில் தலையிட வரலாற்றாளர் பலர் உண்டு. வெளியே உள்ள தரையில் என்ன எழுதுவது என்பதில் யாரும் தலையிடுவதில்லை. நூற்புக் கூடத்திலிருந்து நெசவுக் கூடத்துக்குச் செல்லும் பாதையில், கோடு இருந்த இடத்தில், தரையில் வேறு நிறக் கல் ஒன்று பதித்தால் போதும். குடிநீர் எங்கே வைக்கப்பட்டிருந்தது, அதை யார் மொண்டு யாருக்கு ஊற்றினார் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லலாம். ஒய்வுபெற்ற தலித் தொழிலாளரும், சம்பளப் பட்டியலில் பின்தள்ளப்பட்ட பெண் தொழிலாளரும் இன்னும் சிலர் உயிரோடு இருக்கின்றனர். அவர்களை அழைத்து வளாகத்தில் நடக்கச் செய்து, அவர்கள் நின்ற இடங்களைக் குறித்துக்கொண்ட பின்னரே பாதைகள் வரையப்பட வேண்டும். மும்பையின் சமூகவியல், கட்டடக்கலை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் இதைச் செய்துவிடலாம். ஐந்தாண்டு கழித்துச் செய்யலாம் என்று விட்டால் கேட்க ஆளிருக்காது.

இரண்டாவது, தாதர் கடற்கரையில் உள்ள இந்து மில், அதாவது இந்தியா யுனைடெட் ஆலை எண் 6. அம்பேத்கரின் உடல் 1956 டிசம்பர் 7 அன்று எரியூட்டப்பட்ட சைத்யபூமிக்கு மிக அருகில் உள்ளது. நினைவிடத்துக்காக இந்த நிலத்தைத் தர வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாள் கிடப்பில் இருந்தது. 2011 டிசம்பர் 6 அன்று ரிபப்ளிகன் சேனையின் தொண்டர்கள் ஆலைக்குள் புகுந்து அதைக் கைப்பற்றியபின்தான் கோப்புகள் நகர்ந்தன. 2012இல் ஏறத்தாழ 12 ஏக்கர் நிலத்தைத் தர ஒன்றிய அரசு இசைந்தது. 2015 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மும்பையின் ஆலை நிலங்களில், மக்கள் மதிலைத் தாண்டிக் குதித்துப் பெற்ற நிலம் இது. அந்த வகையில் விதி 58 தர மறந்த திறந்தவெளியை ஒரு சிறு அளவுக்கு நம் மக்களே வாங்கித் தந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

கெடு பலமுறை தள்ளிப்போய்க் கட்டுமானம் நீள்கிறது. ஊடகங்களில் பேசப்படுவதெல்லாம் சிலையின் உயரமும் செலவும். பீடம் 100 அடி, சிலை 350 அடி, ஆக 450 அடி. சிலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஊர்ச் சாலைமுனையில் ஒரு சிறு சிலைக்காகக் கூண்டுக்குள் அடைபட்ட அம்பேத்கரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உயரத்தின் பொருள் தெரியும். ஆனால் 450 அடி உயரத்தைப் பற்றிப் பேசும்போது, அதன் காலடியில் உள்ள 12 ஏக்கரைப் பற்றிய பேச்சு அமுங்கிவிடுகிறது.

அந்த நிலத்தின் உண்மையான சோதனை நாள் டிசம்பர் 6. மகாராஷ்டிரத்தின் விதர்ப்பாவிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் லட்சக்கணக்கானோர் முன்னதாகவே வந்து இறங்குகிறார்கள். விடுதியில் தங்க வசதியுள்ளவர்கள் அல்லர். மாநகராட்சி சிவாஜி பூங்காவில் கொட்டகை போடுகிறது. குடிநீர் வண்டிகளும் நடமாடும் கழிப்பறைகளும் வருகின்றன. நாட்டிலேயே வேறெங்கும் காண முடியாத அளவுக்குப் புத்தகக் கடைகள் தரையில் விரிகின்றன. பசியோடு வந்து புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்பும் கூட்டம் அது. வசதியான அப்பகுதியின் குடியிருப்பாளர் சிலரிடமிருந்து ஆண்டுதோறும் அசுத்தம் பற்றிய முணுமுணுப்பும் எழுகிறது. கூட்டம் அசுத்தமானதல்ல, கூட்டத்துக்கென்று இடம் ஒதுக்கப்படாததால்தான் ஒவ்வோர் ஆண்டும் தற்காலிக ஏற்பாடு.

நிரந்தர ஏற்பாட்டுக்கு இப்போது நிலம் இருக்கிறது. ஆண்டின் மற்ற நாட்களில் சில ஆயிரம் பேர் வந்துபோகும் இடம், சில நாட்களுக்கு மட்டும் லட்சங்களைத் தாங்க வேண்டும். கும்பமேளாவுக்குத் தற்காலிக நகரங்களையே எழுப்பத் தெரிந்த அரசுகளுக்கு இந்தக் கணக்குக் கடினமானதல்ல. மிதிக்கக் கூடாத புல்தரை இந்த இடத்துக்குப் பொருந்தாது. மிதிபடவும், மழையில் ஊறிக் காயவும், மேலே பாய் விரிக்கவும் கூடிய மண்தரை வேண்டும். தரைக்கடியில் குழாயும் கழிவுக் கால்வாயும் முன்கூட்டியே பதித்து வைத்தால், டிசம்பரில் கழிப்பறைக் கூடங்களை அதன்மேல் நிறுத்திப் பிறகு எடுத்துவிடலாம். அவற்றைக் கையால் சுத்தம் செய்ய யாரையும் இறக்க வேண்டிய நிலையே வரக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். புத்தகக் கடைகளுக்கு வரிசை மேடைகள் வேண்டும். ஆண்டு முழுவதும் அவை பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் திண்ணைகளாக இருக்கட்டும். கடற்காற்றின் உப்பையும் வெயிலையும் தாங்கி நிழல் தரும் மரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவற்றில் எவை ஏற்கெனவே வரைபடத்தில் உள்ளன என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை, மதிலேறிக் குதித்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உண்டு. தரைத்தளத் திட்டத்தை, சிலையின் பக்கவாட்டுத் தோற்றத்தையல்ல, மராத்தியில் பெரிதாக அச்சிட்டுக் கட்டுமான வேலியின் மீதே ஒட்டுமாறு மும்பையின் மாணவர் அமைப்புகள் கேட்க வேண்டும். அதில் டிசம்பர் 5ஆம் தேதி இரவு நாந்தேடு ரயிலிலிருந்து இறங்கும் ஒரு கிழவி எங்கே தண்ணீர் பிடிப்பாள், எங்கே தலைசாய்ப்பாள் என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். அரசமரக் கன்று ஒன்று கூட்டத்துக்கு நிழல் தரும் அளவுக்கு வளரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். சிலை வேலை முடியும்வரை அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. வேலி ஓரத்தில் இந்த மழைக்காலத்திலேயே நடலாம்.